முதலில் வாட்டம், பிறகு கல்

வீட்டின் பின்புறம் திறந்தவெளித் தளம் அமைக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

வீட்டை ஒட்டிய திறந்தவெளிக்கு இந்திய மொழிகளில் பெயர்களுக்குக் குறைவில்லை. இந்தியில் அது ஆங்கன், கன்னடத்தில் அங்கள, மலையாளத்திலும் தமிழிலும் முற்றம். தானியம் உலர்த்தவும், வற்றல் காயவைக்கவும், கோடை இரவில் கட்டில் போட்டுப் படுக்கவும் பயன்பட்ட அந்த இடம், நகரங்களில் மனை சுருங்கியபோது வீட்டுத் திட்டத்திலிருந்து மெல்ல மறைந்தது. இன்று தனி வீடு கட்டிக்கொள்வோர் பலர், பின்புறத்தில் எஞ்சும் சிறு நிலத்தில் கல் பாவி, நான்கு நாற்காலிகள் போட்டு, அதை வேறு வடிவில் மீட்டுக்கொள்கின்றனர்.

விருப்பம் நல்லது. ஆனால் வேலை தொடங்கும் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. கைப்பேசியில் பார்த்த ஒரு படத்தைக் கொண்டு பாணி முடிவாகிறது. அதற்கேற்பக் கடையில் கல் வாங்கப்படுகிறது. மழைநீர் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வி, முதல் மழை பெய்த பிறகே எழுகிறது. வீட்டின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்தத் தளத்தின் செலவு சிறியதுதான். ஆயினும் அது தவறாக அமைந்துவிட்டால், சமையலறைச் சுவரில் ஏறும் ஈரமும், பாசியில் வழுக்கி விழும் முதியவரின் மருத்துவச் செலவும் சிறியவையாக இருப்பதில்லை. ஆகவே முதலில் வாட்டம், அடுத்து அடித்தளம், அதன்பின் கல், கடைசியாகப் பாணி என்ற வரிசையில் சிந்திப்பதே பணத்துக்கும் உடலுக்கும் பாதுகாப்பு.

யாருக்காக, எவ்வளவு பெரிதாக?

ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டு, அவற்றைப் பின்னுக்கு இழுத்து எழுந்து நடக்கவும் இடம் வேண்டுமானால் 10 அடிக்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி போதுமானது. இருவர் அமர்ந்து தேநீர் அருந்த 6 அடிக்கு 8 அடியே போதும். துணி உலர்த்துதல், பாத்திரம் துலக்குதல், துளசி மாடம் என்று இப்போதே அந்த இடத்தில் நடக்கும் வேலைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவற்றை மறந்து அழகுக்காக மட்டும் அமைக்கப்பட்ட தளத்தில், மூன்றாவது மாதமே துணிக்கொடியும் வாளியும் வந்து அமர்ந்துவிடும்.

வீட்டில் முதியவரோ, சக்கர நாற்காலி பயன்படுத்துபவரோ இருந்தால், படிக்குப் பதில் சாய்தளம் தேவைப்படும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் அது அமைந்தால், சக்கர நாற்காலியைத் தள்ளுவது எளிது. அரை அடி உயர வேறுபாட்டுக்கே ஆறடி நீளம் வேண்டும் என்பதால், இந்த இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

நீருக்கு ஒரு வழி

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 120 சதுர அடி என்பது ஏறத்தாழ 11 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், அந்தச் சிறு தளத்தின் மீது மட்டும் ஆண்டுதோறும் சுமார் 11,000 லிட்டர் நீர் விழும். முன்பு மண் குடித்துக்கொண்டிருந்த நீர் அது. மண்ணை மூடிவிட்டால், அந்த நீருக்கு வேறு வழி காட்டும் பொறுப்பு நம்முடையது.

கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் சரிவு, வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி இருக்க வேண்டும். சமமான பரப்புள்ள தளத்துக்கு நூறுக்கு ஒன்று, சொரசொரப்பான இயற்கைக் கல்லுக்கு அறுபதுக்கு ஒன்று என்பது பொருத்தமான அளவு. 10 அடி அகலத் தளத்தில் இது முறையே ஒன்றேகால் அங்குலமும் இரண்டு அங்குலமும் ஆகும். நாற்காலியில் அமர்பவருக்கு இந்தச் சரிவு தெரியாது, நீருக்குத் தெரியும். தளத்தின் மேல்மட்டம் வீட்டின் உள்தளத்தைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருப்பதும் அவசியம். உள்ளும் வெளியும் ஒரே மட்டத்தில் இருந்தால் படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் கனமழையில் சாரலும் தேங்கும் நீரும் வாசலைத் தாண்டி உள்ளே வரும்.

வெளியேறும் நீர் அண்டை வீட்டு மதிலை நோக்கிச் செல்லக் கூடாது. தளத்தின் வெளிவிளிம்பில் ஒரு பூச்செடிப் பாத்தியோ, ஜல்லி நிரப்பிய கால்வாயோ, மழைநீர் சேகரிப்புக் குழியோ இருக்கலாம். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் கட்டாயமாக உள்ளது. பெங்களூருவிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்கு இத்தகைய விதி உண்டு. தளத்தின் வாட்டத்தை ஏற்கெனவே உள்ள குழியை நோக்கி அமைத்தால் தனிச் செலவின்றி இரண்டு வேலைகள் முடிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத அடித்தளம்

தளம் உள்வாங்குவதற்கும் கல் ஆடுவதற்கும் காரணம் பெரும்பாலும் கல்லில் இருப்பதில்லை. கீழே உள்ள மண்ணில் இருக்கிறது. மேல்மண்ணை வேர்களோடு அகற்றி, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்குவது முதல் வேலை. அதன்மேல் நான்கு அங்குலக் கனத்தில் ஜல்லியோ கிராவலோ பரப்பி மீண்டும் இறுக்க வேண்டும். பேவர் பிளாக் பதிப்பதாயின், இதன்மேல் ஒரு படிவம் மணல் போதும். மெல்லிய கற்பலகைகளோ ஓடுகளோ பதிப்பதாயின், ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல், எட்டுப் பங்கு ஜல்லி என்ற விகிதத்தில் மூன்று முதல் நான்கு அங்குலக் கான்கிரீட் இடுவது வழக்கம்.

கரிசல் மண் உள்ள இடங்களில் கூடுதல் கவனம் தேவை. நாக்பூர், சோலாப்பூர் உள்ளிட்ட தக்காணப் பகுதிகளில் காணப்படும் இந்த மண், மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. தமிழகத்தின் தென்மாவட்டக் கரிசல் நிலத்துக்கும் இது பொருந்தும். அங்கே கரிசலை ஓரளவு ஆழம் தோண்டி அகற்றி, முரம்பு மண் நிரப்பி இறுக்கிய பிறகே மேல்வேலையைத் தொடங்க வேண்டும். இந்தச் செலவை மிச்சப்படுத்தி விலையுயர்ந்த கல் வாங்கினால், அந்தக் கல்லும் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

கற்களின் குணம்

இந்தியாவின் தளக்கற்களில் பெரும்பாலானவை தாம் வெட்டப்படும் ஊர்ப் பெயரையே தாங்கி வருகின்றன. ராஜஸ்தானின் கோட்டா, கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்திலுள்ள ஷாஹாபாத், தெலங்கானாவின் தாண்டூர், ஆந்திரத்தின் கடப்பா ஆகியவை நாடெங்கும் தெரிந்த பெயர்கள். இந்நான்கும் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தவை. விலை மிதமானது, பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. நிறத்தில் கோட்டா பசுமை கலந்த நீலமாகவும் பழுப்பாகவும், தாண்டூர் மஞ்சளாகவும் நீலமாகவும், கடப்பா கருமையாகவும் கிடைக்கும்.

இவற்றுக்குப் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு: அமிலம். கறை போக்கக் கழிப்பறை அமிலத்தை ஊற்றினால், கறையோடு கல்லின் மேற்பரப்பும் அரித்துப் போகும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தினால்கூடத் தடம் விழும். திறந்தவெளியில் உணவு பரிமாறும் வழக்கமுள்ள வீடுகள் இதை நினைவில் கொள்ள வேண்டும். மேலும், மெருகேற்றிய கோட்டா கல் நனைந்தால் வழுக்கும். வெளிப்புறத்துக்கு மெருகேற்றாத சொரசொரப்பான பரப்பையே கேட்டு வாங்க வேண்டும். கடப்பாவின் கருமை நண்பகல் வெயிலை உறிஞ்சிக்கொள்வதால், வெறுங்காலோடு நடக்கும் மேற்குப் புறத்துக்கு அது ஏற்றதன்று. மரநிழலிலும் கிழக்குப் புறத்திலும் நன்றாக இருக்கும்.

மணற்கல்லுக்கு வட இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் அக்பர் கட்டிய ஃபதேபூர் சிக்ரியும், இருபதாம் நூற்றாண்டில் எழுந்த குடியரசுத் தலைவர் மாளிகையும் மணற்கல்லால் ஆனவை. காலுக்கு நல்ல பிடிமானம் தரும் இயல்புடையது இந்தக் கல். ஆனால் நுண்துளைகள் நிறைந்தது. நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். வறண்ட ராஜஸ்தானிலும் தில்லியிலும் பொலிவோடு இருக்கும் அதே கல், மங்களூரிலோ கோழிக்கோட்டிலோ ஒரு பருவமழைக்குள் பாசி படிந்து கறுத்துவிடக்கூடும்.

கிரானைட் நம் தென்னகத்தின் கல். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய நான்கு மாநிலங்களிலும் வெட்டப்படுகிறது. கடினமும், கறை ஏறாத தன்மையும் இதன் சிறப்பு. வெளித்தளத்துக்கு வாங்கும்போது பளபளப்பான பலகையைத் தவிர்த்து, நெருப்புச் சுடரால் மேற்பரப்பைப் பொரியவைத்த ஃபிளேம்டு வகையைத் தேர்வது நல்லது. சமையலறை மேடைக்கு வாங்கிய கிரானைட்டில் மிஞ்சியதை வாசற்படிக்கும் பின்தளத்துக்கும் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. மழைநாளில் அதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

மேற்குக் கடற்கரையின் கல் செம்புரைக்கல். 1807ஆம் ஆண்டு வெளியான தம் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன் இக்கல்லை விவரித்து, செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். அவர் கண்ட இடம் இன்றைய மலப்புரம் மாவட்டத்தின் அங்காடிப்புரம். வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும் கல் இது. கால் படும் பரப்பில் தேய்மானம் உண்டு என்பதால் விளிம்புகளுக்கும், தாழ்ந்த இருக்கைச் சுவர்களுக்கும், பாத்திகளைச் சுற்றியும் பயன்படுத்துவது சிறப்பு.

ஓடு, பேவர் பிளாக், மரம்

கல் கிடைக்காத இடங்களில் செங்கல், சுடுமண் ஓடு, பீங்கான் ஓடு, சிமெண்ட் கட்டிகள் ஆகியவை கைகொடுக்கின்றன. நன்கு வெந்த செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி மணலில் பதித்தால் குளிர்ச்சியான தளம் கிடைக்கும். சரியாக வேகாத கல் ஒரே மழைக்காலத்தில் கரைந்துவிடும் என்பதால், இரண்டு கற்களை மோதிப் பார்த்து, கணீரென்ற ஒலி எழுவதை உறுதி செய்துகொள்வது கொத்தனார்களின் பழக்கம்.

குஜராத்தின் மோர்பியிலிருந்து நாடெங்கும் செல்லும் பீங்கான் ஓடுகளில் வெளிப்புறத்துக்கென்றே தயாரிக்கப்படுபவை உண்டு. வழுக்காமையைக் குறிக்கும் ஆர் மதிப்பு அவற்றின் பெட்டியிலோ விவரத்தாளிலோ இருக்கும். நனையும் இடத்துக்கு ஆர் 11 அல்லது அதற்கு மேற்பட்டதைக் கேளுங்கள். செட்டிநாட்டின் ஆத்தங்குடி ஓடுகள் கண்ணாடிப் பலகையின் மேல் கையால் வார்க்கப்படுபவை. அவற்றின் வழவழப்பும் வண்ணமும் கூரையுள்ள தாழ்வாரத்துக்கே ஏற்றவை. மழையும் வெயிலும் நேரே படும் இடத்துக்கு அவற்றைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பேவர் பிளாக் எனப்படும் கான்கிரீட் கட்டிகளுக்கு ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிர்ணயம் உள்ளது. மக்கள் நடக்க மட்டும் 50 மில்லிமீட்டர் கனமும், கார் நிறுத்தும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனமும் போதுமானவை. இவற்றின் பெரிய நன்மை, ஒரு கட்டி உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். கழிவுநீர்க் குழாயைப் பழுதுபார்க்க வேண்டுமானால் கட்டிகளை எடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்பப் பதிக்கலாம். பின்புறத்தில் குழாய்கள் செல்லும் வீடுகளுக்கு இது பெரிய சேமிப்பு. கட்டிகளின் சந்துகளை மணலால் மட்டுமே நிரப்ப வேண்டும். சிமெண்ட் பூசினால் இந்த நன்மை போய்விடும்.

மரத்தளம் பார்வைக்கு இனியது. ஆனால் நம் நாட்டில் அதற்குக் கறையான், மழை, வெயில் என்று மூன்று பகைகள் உள்ளன. தரையிலிருந்து உயர்த்தி, அடியில் காற்றோட்டம் விட்டு, ஆண்டுதோறும் எண்ணெய் பூச முடியுமானால் மட்டுமே மரத்தை எண்ணலாம்.

பாணி தானாக வரும்

கல்லும் மண்ணும் முடிவான பிறகு, பாணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேரள வீடுகளில் தாண்டூர் கற்பலகைகளுக்கு இடையே புல்வரிசை விடும் முறை இப்போது பரவலாகக் காணப்படுகிறது. இயற்கைப் புல்லாக இருந்தால் அந்த இடைவெளிகளே மழைநீரை மண்ணுக்குள் அனுப்பும் வழிகளாகும். கோவாவின் பழைய வீடுகளில் பல்காவ் என்னும் வாயில் திண்ணையில் எதிரெதிராகக் கட்டிய இருக்கைகள், நாற்காலி வாங்கும் செலவையே மிச்சப்படுத்துபவை. ராஜஸ்தானின் ஹவேலிகளில் முற்றத்தைச் சுற்றி உயர்ந்த சுவர்கள் நிழல் தருகின்றன. அந்த நிழலின்றி முற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது வெக்கையே. ஆகவே ஒரு பாணியைப் பின்பற்றும்போது, அது எந்த வெயிலுக்கும் எந்த மழைக்கும் விடையாகத் தோன்றியது என்று பார்ப்பது பயன் தரும்.

ஒரு சிற்றூரின் வீடுகள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்று காந்தியடிகள் எழுதினார். அந்தக் கருத்தை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் பிறர் கழித்த ஓடுகளையும் பழைய மரச்சட்டங்களையும் கொண்டே வீடுகளை அழகுபடுத்தினார். சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கி 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டம், உடைந்த பீங்கானும் ஓடும் எத்தகைய அழகைத் தரும் என்பதற்குக் கண்முன் உள்ள சான்று. வீடு கட்டியபோது மிஞ்சிய ஓட்டுத் துண்டுகள் மூலையில் கிடந்தால், அவற்றைத் தூக்கி எறியுமுன் தளத்தின் ஓரப்பட்டைக்கு ஆகுமா என்று எண்ணிப் பாருங்கள்.

பணக் கணக்கு

கல்லின் விலையைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதையே மொத்தச் செலவாகக் கருதுவது தவறான கணக்கு. மண் அகற்றல், ஜல்லி, கான்கிரீட், பதிக்கும் கூலி, லாரி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி ஆகிய அனைத்தையும் தனித்தனியாக எழுதிக் கூட்ட வேண்டும். தொலைவிலிருந்து வரும் கல்லுக்கு வாடகையே கல்லின் விலையை எட்டுவதுண்டு. வெட்டும்போதும் உடையும்போதும் வீணாகும் அளவுக்காகத் தேவையைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்குவது வழக்கம். 120 சதுர அடிக்கு 132 சதுர அடி. இயற்கைக் கல்லின் நிறம் குவாரிக்குக் குவாரி மாறும் என்பதால், முழுவதையும் ஒரே முறையில் வாங்கிவிடுங்கள்.

அவசரமில்லாத வேலை இது. மாதம் 8,000 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால் ஓராண்டில் 96,000 ரூபாயும் அதற்கான வட்டியும் கையில் இருக்கும். கடன் தேவைப்பட்டால், ஏற்கெனவே வீட்டுக்கடன் வைத்திருப்போர் கூடுதல் கடனாகவோ, மற்றவர்கள் வீடு புதுப்பிப்புக் கடனாகவோ பெறலாம். பொதுவாகப் பிணையற்ற தனிநபர் கடனைவிட இவற்றின் வட்டி குறைவு. தவணைக் காலத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். எடுத்துக்காட்டாக, 9 விழுக்காடு வட்டியில் 2 லட்சம் ரூபாயை மூன்று ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 6,360 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 29,000 ரூபாய். அதையே பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தால் தவணை 2,534 ரூபாயாகக் குறையும். வட்டியோ ஒரு லட்சத்து நான்காயிரத்தை எட்டும். இலகுவாகத் தோன்றும் தவணைக்காகக் கல்லின் விலையில் பாதியை வட்டியாகக் கொடுக்க வேண்டுமா என்பதைக் குடும்பத்தினர் கூடி முடிவு செய்யலாம். மிதக்கும் வட்டி விகிதத்தில் தனிநபர்கள் வீட்டுத் தேவைக்குப் பெறும் கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கெனக் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை. போனஸ் வரும்போது ஒரு பகுதியை அடைத்துவிடுவது லாபம்.

இன்னொன்று: பின்புறத்தில் விடப்பட்டுள்ள காலியிடம் பல ஊர்களில் கட்டட விதிகளின்படி கட்டாயமாக விடப்பட்டது. அதில் கல் பாவுவது வேறு. நிரந்தரக் கூரை போட்டு அறைபோல் ஆக்குவது வேறு. அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மாறான கட்டுமானம், பின்னாளில் வீட்டை விற்கும்போதும் அதன் மீது கடன் கேட்கும்போதும் தடையாக வந்து நிற்கும். நிழல் வேண்டுமானால் கழற்றக்கூடிய துணிப்பந்தலோ, கொடிப்பந்தலோ போதும். கூரை எண்ணமிருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டறிக.

ஒப்பந்தக்காரரோடு வாய்ப்பேச்சில் நின்றுவிடாமல், கல்லின் வகை, கனம், பரப்பின் தன்மை, அடித்தளத்தின் ஆழம், வாட்டத்தின் அளவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். தொகையை நான்கு பகுதிகளாகப் பிரித்து, முன்பணம், அடித்தளம் முடிந்தபின், கல் பதித்தபின், இறுதியாக என்று வங்கி வழியாகச் செலுத்துங்கள். அடித்தளம் மூடப்படுமுன் அதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வதும் பின்னாளில் உதவும்.

கடைசிப் பகுதியைக் கொடுக்குமுன், கலவை இறுகிய பிறகு, வீட்டுச் சுவரோரம் நின்று ஒரு வாளி நீரைத் தளத்தின் மீது ஊற்றுங்கள். நீர் எங்கும் தேங்காமல் பாத்தியை நோக்கியோ, சேகரிப்புக் குழியை நோக்கியோ ஓடினால் கையொப்பமிடலாம். நடுவில் குளமாக நின்றால் அந்தக் கல்லை எடுத்து மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள். பணம் உங்கள் கணக்கில் இருக்கும்வரைதான் அந்தக் கல் எளிதில் பெயர்ந்து வரும்.